குழாயில் கட்டிய துணி

செப்டம்பர் 3, செவ்வாய்

அறிவியலில் ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. அம்மா பார்த்தாள், "ம்" என்றாள், கையெழுத்துப் போட்டாள். முன்பெல்லாம் அப்பாதான் போடுவார். விடைத்தாளைக்கூட இஸ்திரி போடுகிற மாதிரி உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்.

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கேயாவது கொட்டித் தீர்க்காவிட்டால் பள்ளியில் யாரிடமாவது உளறிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

சாயங்காலம் கொசு வந்தாள். (அவள் பெயர் கொசு இல்லை. காதோரமாக வந்து ஓயாமல் பேசுவதால் வகுப்பே அப்படித்தான் கூப்பிடுகிறது.) கணக்கு நோட்டு கேட்டாள். வாசலிலேயே நிற்கவைத்துக் கொடுத்தேன். அப்படியும் மூக்கைச் சுருக்கினாள். "ஏய், உங்க வீட்ல நாய் வளர்க்கிறீங்களா?"

"ஆமா" என்றேன்.

எங்கள் வீட்டில் நாய் இல்லை. அப்பா இருக்கிறார்.

அப்பா பெரிய லாண்டரியில் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் மேசைத்துணி என்று ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்தவர். போன கோடையில் அங்கே ஸ்டீம் குழாய் வெடித்தது. இடது தோளும் முதுகும் வெந்துபோயின. புண் ஆறிவிட்டது, டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் கட்டைப் பிரித்த பிறகு அப்பா தன் உடம்பில் தண்ணீரைப் படவிடவே இல்லை. குடிப்பார். அவ்வளவுதான். கைகூடக் கழுவுவதில்லை. காகிதத்தில் துடைத்துக்கொள்கிறார். அம்மா பாத்திரம் கழுவ ஆரம்பித்தால் எழுந்துபோய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஒரு நாள் ஈரத்துணியால் துடைத்தாவது விடலாம் என்று அம்மா உட்கார்ந்தாள். பிழிந்த தண்ணீர் வாளியில் சொட்டியதுமே அன்றைக்கும் கதவு சாத்திக்கொண்டது.

மற்றபடி அப்பா அப்பாதான். பேப்பர் படிக்கிறார். சாயங்காலம் மொட்டைமாடியில் நடக்கிறார். என் பள்ளிச் சட்டைக்குக் கத்தி மாதிரி மடிப்பு வைத்து இஸ்திரி போடுகிறார். எல்லார் துணியும் வெள்ளை. அவர்தான்—

அவ்வளவு போதும்.

செப்டம்பர் 5, வியாழன்

பெரியப்பா வந்தார்.

நான் சமையலறையில் வெங்காயம் உரிக்கிற மாதிரி நின்று கேட்டேன். பெரியப்பாவுக்கு மேசை நாற்காலி விற்கிற கடை. அவர் குரல் எப்போதும் தெருவுக்குக் கேட்கும். இன்று மெதுவாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"போன தடவை தப்பு என்னுது. ரெண்டு பேர் பத்தல. இந்த மாசம் இருபத்தெட்டு, சனிக்கிழமை. கடையில பீரோ தூக்குற பசங்க நாலு பேரைக் கூட்டிட்டு வரேன். ஒரு தடவை தலையோட தண்ணி ஊத்திட்டா பயம் தெளிஞ்சிடும். சின்ன வயசுல அவனை ஆத்துல தள்ளி நீச்சல் கத்துக் குடுத்ததே நான்தான்."

அம்மா, "அவர் கத்தினது இன்னும் என் காதுல இருக்கு" என்றாள்.

"அப்ப இப்படியே விட்டுடலாமா? தலையெல்லாம் புண்ணு வரட்டும், புழு வைக்கட்டும். என் தம்பிம்மா அவன்."

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன தடவை என்றால் பள்ளி திறந்த வாரம். இரண்டு ஆட்கள் அப்பாவின் கையைப் பிடித்துக் குளியலறைக்குள் இழுத்தார்கள். பெரியப்பா வாளியோடு நின்றார். துண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார்கள் என்னை. குழாய் திறந்ததும் அப்பா ஒரு சத்தம் போட்டார். மனுஷர் போடுகிற சத்தம் இல்லை அது. திமிறியதில் அவர் முழங்கை என் வாயில் பட்டது. முன்பல்லில் ஒரு மூலை உடைந்துவிட்டது. வேண்டுமென்று இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்கப்புறம் அப்பா அறை வாசலைத் தாண்டும்போது என் நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லைத் தொடுகிறது. அம்மாவும் சொல்லிவிட்டாள்: "நீ தனியா அவர் கிட்டப் போகாதே."

போகும்போது பெரியப்பா ஒரு சோப்புக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். விலை உயர்ந்தது. ரோஜா வாசனை.

செப்டம்பர் 6, வெள்ளி

தூக்கம் வரவில்லை. பீரோ தூக்குகிறவர்கள் நாலு பேர். பீரோ கத்தாது.

செப்டம்பர் 10, செவ்வாய்

நாடக ஒத்திகை. நான் மரம். வசனம் கிடையாது, அதனால்தான் ஒத்துக்கொண்டேன். கொசுதான் என்மேல் உட்காரும் கிளி. பொருத்தம்.

ஓவிய டீச்சர் முகம் முழுக்கப் பச்சை பூசிப் பார்த்தார். முடிந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். பச்சை அப்படியே இருந்தது, முகம்தான் எரிந்தது. டீச்சர் சிரித்தார். "ஏ மரம்! பட்டையை உரிச்சுக்காத. இங்க வா." பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டு முகமெல்லாம் தடவினார். கிளியின் மூக்கைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார். ஒரு துணியால் ஒரே இழுப்பு. துணியில் பச்சை. என் கன்னத்தில் கன்னம்.

"தண்ணியே வேணாமா டீச்சர்?"

"இந்த மாதிரி பிசுக்குக்கு எண்ணெய்தான் சரி. ஊறவிட்டா அதுவே கிளப்பிக்கிட்டு வந்துடும். தண்ணியெல்லாம் அப்புறம்."

தண்ணியெல்லாம் அப்புறம். வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். தண்ணியெல்லாம் அப்புறம்.

செப்டம்பர் 11, புதன்

செய்துவிட்டேன்.

அம்மா பேக்கரி வேலையிலிருந்து இருட்டிய பிறகுதான் வருவாள். புது எண்ணெயை எடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று, பொரித்து மிஞ்சியதை மூடி வைத்திருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். அப்பா அறை வாசலில் எவ்வளவு நேரம் நின்றேனோ. நாக்கு பல்லிலேயே இருந்தது.

"என்ன குட்டி?"

"கையைக் குடுங்கப்பா."

அப்பா கிண்ணத்தைப் பார்த்தார். முகம் மாறியது. "தண்ணியா?"

"இல்ல. எண்ணெய்."

விரலெல்லாம் பேப்பர் மை. நகக்கண்ணில் எல்லாம் கறுப்பு. நான் தள்ளி உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி, சுண்டுவிரலில் ஆரம்பித்தேன். அவர் கை அசையவே இல்லை. துடைத்தேன். மை வந்துவிட்டது. சுண்டுவிரல் மட்டும் வேறு யாருடைய விரலோ மாதிரி சிவப்பாக இருந்தது.

அப்பா அதை மூக்கருகே கொண்டுபோனார். "நேத்து உங்கம்மா உருளைக்கிழங்கு பொரிச்ச எண்ணெய்தானே இது?"

"ஆமா."

"அப்ப என்னைப் பொரிக்கப் போறியா?"

நான் அழுதுவிட்டேன். அப்பா கேலி பேசி எத்தனை காலம்! அழுகையைப் பார்த்துப் பயந்து, "சரி சரி, பொரிச்சுக்கோ" என்று இன்னொரு கையையும் நீட்டினார்.

செப்டம்பர் 13, வெள்ளி

இனிப் பொரித்த எண்ணெய் வேண்டாம். நேற்று ராத்திரி பூனை ஒன்று அப்பாவின் ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்ததாம்.

தலைக்கு என்னுடைய தேங்காயெண்ணெய். உடம்புக்குச் சமையலறை நல்லெண்ணெய், கொஞ்சமாக. சூடு காட்டலாமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார் உடனே. சரி, பச்சையாகவே.

தலைதான் கஷ்டம். முடிக்கு அடியில் மீன் செதில் மாதிரி தடிப்புத் தடிப்பாக இருக்கிறது. விரல் நுனியால் வகிடு வகிடாக எண்ணெய் வைத்தேன். ஊறட்டும் என்று பாடப் புத்தகத்தை எடுத்து ஒரு பாடம் உரக்கப் படித்தேன், அப்பாவும் கேட்டார். அப்புறம் தொட்டால் செதில்கள் ஊறிப்போய் நகர்ந்தன. பலவந்தம் செய்யவில்லை. வந்ததைப் பேன் சீப்பால் வாரி எடுத்தேன், வராததை விட்டுவிட்டேன். நாளைக்கு வரும். பழைய விரிப்பு ஒன்றைக் கிழித்துத் துணி செய்திருந்தேன். முதல் துணி கறுப்பாக வந்தது. அடுத்தது சாம்பல். அப்பா ஒவ்வொன்றையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வேலையில் பார்ப்பதுபோல.

"இது கராஜ்காரன் சட்டை" என்றார் முதல் துணிக்கு. அடுத்ததுக்கு, "இது ஓட்டல் கைத்துண்டு." கடைசித் துணி மஞ்சளாக வந்ததும், "பரவால்ல, டீச்சர் வீட்டுத் தலையணை உறை வரைக்கும் வந்துட்டோம்" என்றார்.

தோளில் அந்த இடம். தோல் பளபளவென்று, இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் மாதிரி. தொடப் பயந்தேன்.

"அங்க வலிக்குமாப்பா?"

"வலிக்காது. அங்க ஒண்ணுமே தெரியாது. உன் கை அங்க இருக்குன்னு திரும்பிப் பார்த்தாத்தான் தெரியும்."

தொட்டேன். அப்பா திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று என் நாக்கு பல்லுக்குப் போகவில்லை. இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

மாட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

அம்மா நல்லெண்ணெய்ப் புட்டியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "எண்ணெய் என்ன, ஆவியா போகுதா? சாயங்காலம் அந்தக் கொசுவைக் கூட்டிட்டு வந்து ஏதாவது பொரிச்சுத் தின்னீங்களா?"

ஆமா என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? எண்ணெய் குடித்த நாய் இருக்க எதிரே இருந்த நாயை அடித்த கதை. பாவம் கொசு. இனி அவள் வீட்டுக்கு வரக்கூடாதாம். அவள்தான் வந்தாலும் வாசலைத் தாண்டுவதில்லையே.

உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அம்மா முதலில் திட்டுவாள், அப்புறம் நம்புவாள். அதுதான் பயம். அம்மா நம்பி நம்பி உடைந்து போயிருக்கிறாள். தலை முழுக்கச் சுத்தமான பிறகு காட்டுகிறேன். இருபத்தெட்டுக்கு முன்னால்.

செப்டம்பர் 17, செவ்வாய்

மாடிப்படியில் கீழ்வீட்டு அக்கா அம்மாவை நிறுத்திவைத்துப் பரிதாபப்பட்டார். "நீயும்தான் ஓடி ஓடிப் பாக்குற. என்னதான் எண்ணெயைத் தடவிக்கிட்டு உருண்டாலும் ஒட்டுறதுதான் ஒட்டும்மா."

எண்ணெய் என்றதும் எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. வெறும் பழமொழிதான்.

இப்போது பிரச்சினை துணிதான். கிழிக்க வேறு விரிப்பு இல்லை. உள்ளதைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்துகிறேன். அப்பா மொட்டைமாடிக்குப் போகும் நேரத்தில் குழாயை நூல் மாதிரி திறந்துவைத்துத் துவைக்கிறேன். எண்ணெய் போவதாகவே இல்லை. கொடியில் போட்டால் அம்மா கேட்பாள். அதனால் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்து, மடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி என் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். ஒரு வாசனை வருகிறது. ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

செப்டம்பர் 18, புதன்

தட்டு வாங்க அப்பா பக்கத்தில் வந்தபோது அம்மா ஒரு நொடி நின்றாள். மூச்சை இழுத்தாள். இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மதியத்தோடு பள்ளி விட்டார்கள். அப்பா சாப்பிட்டுப் படுத்திருந்தார். நல்ல சமயம் என்று வாரம் முழுக்கச் சேர்ந்த துணி எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். ஒரே பிசுபிசுப்பு. இஸ்திரிப் பெட்டியை அதிகச் சூட்டில் வைத்து எல்லாவற்றையும் மறுபடி அழுத்தித் தேய்த்தேன். சுடச்சுட மடித்து, பெட்டியில் அமுக்கி அமுக்கி அடைத்து, மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு கட்டில்மேலேயே வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன். எப்படியோ தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது அப்பா கூடத்து நடுவில் நின்று மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் சாய்ந்திருந்தது. மாடிக்குக் கிளம்பியவர், ஒரு காலில் மட்டும் செருப்பு.

"என்ன வாசனை இது?"

"எண்ணெய்ப்பா. எப்பவும் வர்றதுதான்."

"இல்ல. இது எண்ணெய் வேகுற வாசனை. துணியை என்ன பண்ணின?"

"இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்."

"ஆறவெச்சியா?"

"எதுக்கு ஆறவைக்கணும்?"

அப்பா தரையில் குப்புற விழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். மூடியைத் திறந்ததும் மெல்லிசாக ஒரு புகை எழுந்தது. மேல் துணிகள் வெள்ளையாகத்தான் இருந்தன. நடுவில் இருந்தவை ரொட்டி மாதிரி பழுப்பாக, ஓரம் கறுத்து— யாரும் நெருப்பு வைக்கவில்லை. தானாகவே.

பெட்டியோடு குளியலறைக்கு ஓடினார். எங்கள் வீட்டிலேயே அவர் எட்டிப் பார்க்காத இடம் அது. அம்மா விடியற்காலையில் நிரப்பி வைக்கிற நீல டிரம் இருந்தது. பெட்டியைக் கவிழ்த்தார். துணிகள் மிதந்தன, புகைந்தன. அப்பா சட்டையோடு இரண்டு கையையும் உள்ளே விட்டு எல்லாவற்றையும் அடியில் அமுக்கினார்.

உஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது.

அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உடம்பெல்லாம் உதறியது. கத்தப் போகிறார் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். கத்தவில்லை. கையை எடுக்கவும் இல்லை. அமுக்கிப் பிடித்தபடியே நின்றார், சத்தம் அடங்கும் வரைக்கும், அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம்.

"லாண்டரியில மொத நாளே சொல்லிடுவாங்க" என்றார் அப்புறம். "எண்ணெய்த் துணியைச் சூடா மடிச்சு அடுக்கக் கூடாது. உள்ளுக்குள்ளயே வெந்து வெந்து தானா பத்திக்கும். நீ அது மேல படுத்துத் தூங்கியிருக்க, குட்டி."

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா ஒரு துணியை வெளியே எடுத்தார். விரித்தார். முகர்ந்தார். முகம் சுளித்தார். "இதைத் துவைச்சது யாரு?"

"நான்தான்."

"இதுக்குப் பேரு துவைக்கிறதா? குரங்கு கையில குடுத்திருந்தா இன்னும் வெளுப்பா குடுத்திருக்கும். முதல்ல பாத்திரம் கழுவுற சோப்பை எடுத்துட்டு வா. எண்ணெய் போன பிறகுதான் துணி சோப்பு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா துவைத்தார். முழங்கை வரைக்கும் நுரை. கறுத்துப்போனதைத் தனியே எறிந்தார், நல்லதைக் கசக்கினார், பிழிந்தார், உதறினார். கை தண்ணீரில் இருப்பதே அவருக்கு மறந்துபோன மாதிரி இருந்தது. நான் மூச்சுவிடவும் பயந்தேன். ஞாபகப்படுத்திவிடக் கூடாதே.

அப்போது அம்மா வந்தாள். வீடெல்லாம் புகை வாசனை. குளியலறை வாசலில் பையோடு அப்படியே நின்றாள். புகையைப் பற்றிக் கேட்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பாவும் அப்போதுதான் பார்த்தார்.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், திருடியவர் மாதிரி. பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 21, சனி

அம்மா காலையில் அடுப்படியில் வைத்துக் காதைப் பிடித்தாள். "வீட்டையே கொளுத்தப் பாத்தியேடி! உன்னையும் சேத்து. தனியா கிட்டப் போகாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"பொய் வேற. பாவம் அந்தப் பொண்ணு மேல பழி."

"ஆமா."

காதை விட்டாள். அடுப்பை அணைத்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "முதுகுக்கு உனக்குக் கை எட்டுதா?"

"நடுவுல எட்டலம்மா."

அம்மா நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு அப்பா அறைக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து அப்பா குரல்: "மெதுவா, மெதுவா. இது சப்பாத்தி மாவா?" அம்மா, "ரொட்டி மாவு" என்றாள். "பன்னண்டு வருஷமா பிசையுறேன். பேசாம படுங்க."

செப்டம்பர் 24, செவ்வாய்

அம்மா மறந்துபோய்க் குழாயைத் திறந்தாள். அப்பா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பழையபடி.

வெள்ளிக்கிழமை நடந்தது வெறும் அவசரமா? இன்னும் நாலே நாள்.

போய்க் கேட்டேன். கேட்கக்கூடாது என்றுதான் இத்தனை நாள் யாருமே கேட்கவில்லை போலிருக்கிறது.

"டிரம்முல கை விட்டீங்களேப்பா. அது தண்ணி இல்லையா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "தண்ணி ஒண்ணும் பண்ணாது குட்டி. அந்தச் சத்தம்தான். ஸ்டீம் குழாய் வெடிச்ச அன்னிக்கு முதல்ல உஸ்ஸுன்னுதான் கேட்டுச்சு. 'என்னடா'ன்னு திரும்பினேன். சத்தம் முடிஞ்ச பிறகுதான் சுட்டுது. அதனால சத்தம் கேட்டா உடம்பு காத்துக்கிட்டே இருக்கு. இப்ப வரும், இப்ப வரும்னு."

நான் குளியலறையில் போய்க் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எண்ணெய்த் துணிகளில் அப்பா வெளுத்ததில் நீளமான ஒன்றை எடுத்தேன். ஒரு முனையைக் குழாய் வாயில் சுற்றிக் கட்டினேன். மறு முனை வாளி அடியைத் தொட்டது. மெதுவாகத் திறந்தேன். தண்ணீர் துணி வழியாகவே இறங்கியது, எண்ணெய் வழிகிற மாதிரி. சத்தமே இல்லை. வாளி பாட்டுக்கு நிரம்பியது.

அப்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "குழாயை மூடிட்டியா?"

"திறந்துதான் இருக்கு."

வந்து பார்த்தார். துணியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு விரலால் அந்தத் துணியைத் தொட்டார்.

செப்டம்பர் 27, வெள்ளி

நாளைக்கு. பெரியப்பாவுக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அம்மா, "வரட்டும். கண்ணால பாக்கட்டும்" என்றாள். அவள் தைரியத்தில் கொஞ்சம் கடன் கொடுத்தால் தேவலை. உடம்பில் ஊற்றிக்கொள்ளும் தைரியம் அப்பாவுக்கு இன்னும் வரவில்லையே. துணி கட்டிய குழாயில் கைகால் கழுவுகிற வரைக்கும்தான்.

செப்டம்பர் 28, சனி

நாலு பேரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கழுத்து என் இடுப்பளவு பருமன். பெரியப்பா கையில் இன்னொரு ரோஜா சோப்பு.

கதவைத் திறந்தது அப்பா. வெள்ளைச் சட்டை, கத்தி மடிப்பு. தலையை அம்மா வாரிவிட்டிருந்தாள், வகிடு பளிச்சென்று தெரிந்தது. பெரியப்பா பேச ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"குளிச்சியாடா?"

"இல்லண்ணே" என்றார் அப்பா. "சுத்தமா இருக்கேன்."

பெரியப்பா கிட்டே வந்தார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அப்பாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் குனியவைத்து, குழந்தையை முகர்கிற மாதிரி உச்சியை முகர்ந்தார். காதுக்குப் பின்னால் விரலால் தேய்த்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. எண்ணெய்ப் பளபளப்பு மட்டும்.

"யாருடா பண்ணினது?"

அப்பா என்னைக் காட்டினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மரம் வேஷம் போட்டுக்கொண்டு நின்றிருக்கலாம் போல இருந்தது.

பெரியப்பா, "இவளா? கொஞ்சம் கொஞ்சமாவா?" என்றார்.

"கொஞ்சம் கொஞ்சமா" என்றார் அப்பா. "நீ ஆத்துல தள்ளின மாதிரி இல்லண்ணே. அன்னிக்கும் எனக்கு நீச்சல் ஒண்ணும் வரல. கரை பக்கத்துல இருந்துச்சு, பிழைச்சேன்."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறாக மாறிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். நாலு பேருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அம்மாதான் பேசினாள். "வந்தது வந்துட்டீங்க தம்பிங்களா, அந்தப் பீரோவைக் கொஞ்சம் சுவரோரமா நகர்த்திக் குடுத்துட்டுப் போங்க. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன்."

நகர்த்திக் கொடுத்தார்கள். டீ குடித்தார்கள். போனார்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று அப்பா குவளையால் தோள்மேல் ஊற்றிக்கொண்டார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அதன்மேல். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியதாம். "பட்டதே தெரியல" என்றார். அந்தத் தோளில் எப்போதும்தான் தெரியாதே என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

நாடகம் முடிந்தது. கிளி வசனத்தை மறந்துவிட்டு என் காதில், "அடுத்து என்னடி? அடுத்து என்னடி?" என்று கேட்டது. முதல் முறையாக ஒரு மரம் கிளிக்கு வசனம் எடுத்துக் கொடுத்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா நாலாவது வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு மறுபக்கத்து நாற்காலியும் காலியாக இல்லை. யாரோ ஒரு மாமா உட்கார்ந்து நாடகம் முழுக்க அவரோடு பேசிக்கொண்டே இருந்தார்.

கொசுவை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். உள்ளே.

பச்சை முகத்தோடே வீட்டுக்கு நடந்து வந்தேன். தெருவே பார்த்தது, பார்க்கட்டும். அப்பா என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துத் தேங்காயெண்ணெய் தொட்டு, நெற்றியிலிருந்து ஆரம்பித்தார். அவர் விரல் சூடாக இருந்தது. துணியை வெளிச்சத்தில் பிடித்து, "இப்படி ஒரு அழுக்கு என் சர்வீஸ்ல பாத்ததில்ல" என்றார். "புல்லு மேல உருண்ட பசு மாடு." முகத்தைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினார். உடைந்த பல்லைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கட்டை விரலால் என் உதட்டோரத்தை மட்டும் இன்னொரு முறை துடைத்தார்.

"போ, போய்க் கழுவிட்டு வா."

குளியலறைக்குள் போனேன். குழாயில் துணி இல்லை. அவிழ்ந்து விழுந்திருக்கும் என்று தேடினேன். ஜன்னல் வழியே பார்த்தால் வெளியே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நாலு மூலையும் இழுத்து, சுருக்கம் இல்லாமல், அப்பா காயப்போடுகிற மாதிரி.

என்ன செய்வதென்று தெரியவில்லை. குழாயை நூல் மாதிரி திறந்தேன். கையைக் குவித்துச் சத்தம் வராமல் பிடித்தேன்.

கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"என்னத்தைத் தடவிக்கிட்டு இருக்க? நல்லாத் திறந்து விட்டுக் கழுவு. காதுக்குப் பின்னாடியெல்லாம் பச்சை."